குடா

கிள்ளானில் அந்தப் பேச்சுப் பயிற்சி அறையின் சுவரில் ஓர் ஓவியம் மாட்டியிருந்தது. இம்ப்ரெஷனிஸ்ட் பாணி. கடலோரம் ஒரு குதிரை, அதன்மேல் ஒருவன். கிட்டப் போனால் குதிரையும் இல்லை, ஆளும் இல்லை. வெறும் வண்ணத் திட்டுகள். நாலடி பின்னால் வந்தால்தான் எல்லாம் ஒன்று சேரும். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிருந்த என் அக்காவுக்கு அந்தப் படம்தான் முதல் பாடம்.

அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீட்டில் யாராவது மலாயில் 'பாசார்' என்றால், "சந்தைன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?" என்பாள். அந்த நாக்கே இப்போது சுளுக்கிக்கொண்டது. பயிற்சி கொடுத்த சீனப் பெண் படத்தைக் காட்டி, இது என்ன என்று மலாயில் கேட்டாள். அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாய் கோணியபடி, "குடா" என்றாள்.

அந்தப் பெண் கைதட்டினாள். மலாயில் குடா என்றால் குதிரை. எனக்கோ பகீரென்றது. தமிழ் முழுக்கப் போய் மலாய் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதா? பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அதே கவலை. பாதி வழியில்தான் உறைத்தது: தமிழிலும் குடா உண்டே, நிலத்துக்குள் வளைந்து நுழையும் கடல். படத்தில் கரை வளைந்துதான் கிடந்தது. அக்கா பார்த்தது குதிரையை அல்ல, கடலை. அந்த வகை ஓவியர்கள் பாதியைத்தான் வரைகிறார்கள். மீதியை அவரவர் கவலையைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம் போலிருக்கிறது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் என் கட்சியை மூச்சுவிடாமல் வாதாடினேன். எதுவாக இருந்தால் என்ன அங்கிள், வாய் திறந்தார்களே என்றாள் அவள். அக்கா நடுவில் உட்கார்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இப்போது அக்கா பேசுகிறாள். நிறுத்தி நிறுத்தித்தான், ஆனாலும் என்னோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். போன வாரம் தேநீர் குடிக்கும்போது கேட்டேன்: "அன்னைக்குக் குடான்னியே, அது குதிரையா, கடலா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டும் இல்லடா. படத்துல அவன்... தனியாப் போறான். எனக்குப் பயமா இருந்துச்சு. 'கூட இரு'ன்னு... உன்னைத்தான் சொன்னேன். 'இரு' வரல."