மேடம் போட்ட பச்சைப் பொத்தான்

பச்சை நிறத்தில் நீளவாக்கில் ஒரு பொத்தான். அதன்மேல் ஆங்கிலத்தில் பிரிண்ட் என்று எழுதியிருக்கும். உழவர்கரையில் நான் வேலை பார்க்கும் பேக்கரியின் கம்ப்யூட்டரில், எக்செல் தாளின் ஓரத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. அழுத்தினால் எந்தக் கடைக்கு எத்தனை பன், எத்தனை ரொட்டி என்று கடைவாரியாகச் சீட்டு அச்சாகும். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அது வந்தபோது எங்களுக்கெல்லாம் பெரிய அதிசயம். அதுவரை கார்பன் தாள் வைத்து அந்தச் சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

பொத்தானைப் போட்டது கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த மேடம். என்னைவிடச் சின்னவள், என்னை அண்ணே என்பாள். ஆனால் வேன் டிரைவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் மேடம். என்னை மட்டும் எல்லோரும் 'யோவ்' என்பார்கள். சுழலும் நாற்காலி அவளுக்கு, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் எனக்கு. கம்ப்யூட்டர் சூடாகிவிடுமாம், அதனால் மின்விசிறியும் அவள் பக்கமே திரும்பியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. அரியாங்குப்பத்தில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு எங்கள் இருவரில் ஒருவரைத்தான் மேனேஜராக அனுப்புவேன் என்று முதலாளி வேறு சொல்லியிருந்தார். என் வீடே அரியாங்குப்பம்தான். அங்கிருக்கும் கடைக்காரர் எல்லோரையும் எனக்குத் தெரியும். அவளுக்கு இருந்தது அந்தப் பொத்தான்.

ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மறுநாள் பஸ் கூட்டத்தில் மேடம் வரத் தாமதமானது. முதலாளி தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முந்தின நாளே அடித்து வைத்திருந்த ஆர்டர் தாளின் உச்சியில் ஒரு வரி சேர்த்தார். தமிழ் எழுத்து அடிக்க வராததால் 2 என்று அடித்து, அடியில் கோடு இழுத்தார். பிள்ளையார் சுழி. பிறகு அவரே பச்சைப் பொத்தானை அழுத்தினார். சீட்டு வந்தது, வேன்கள் கிளம்பின.

மேடம் வந்து பையை வைப்பதற்குள் பெரிய மார்க்கெட் டீக்கடைக்காரர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "யோவ், பன்னு கேட்டா மூணடுக்குக் கேக்கு அனுப்பியிருக்கீங்க. எனக்கு ரெண்டாங் கல்யாணம் கட்டி வெக்கப் போறீங்களா?" அடுத்த போன், கேக்குக்காகக் காத்திருந்த கல்யாண வீடு. பெட்டியைத் திறந்தால் பன்.

"என்னா மேடம் இது, ஒங்க பொத்தானு எம் மானத்த வாங்கிடுச்சு!" என்று முதலாளி கத்தினார். புதுக் கிளையில் என் மேசையை எந்தப் பக்கம் போடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அவள் பதறவில்லை. எக்செல் கோப்பை மூடித் திறந்தாள். பொத்தானுக்குப் பின்னால் ஓடும் கட்டளைத் தொகுப்பான மேக்ரோவை அனுமதிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது, சரி என்று கொடுத்தாள். பொத்தான் வேலை செய்தது. அது எந்த மேக்ரோவோடு இணைந்திருக்கிறது என்று பார்த்தாள். அதுவும் சரி. பிறகு, வேன்களோடு திரும்பி வந்த டிரைவர்களிடமிருந்து சீட்டுகளை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். கடைப் பெயர்கள் ஒரு தாளில், ஆர்டர்கள் இன்னொரு தாளில். இரண்டையும் வரிக்கு வரி சேர்ப்பதுதான் மேக்ரோவின் வேலை. ஆர்டர்கள் மட்டும் ஒரு வரி கீழே தள்ளியிருந்ததால், ஒரு கடையின் ஆர்டர் அடுத்த கடையின் பெயரில் அச்சாகியிருந்தது.

"மேல இது என்னாண்ணே, ரெண்டு?"

"ரெண்டு இல்ல, பிள்ளையார் சுழி. மொதலாளிதான் காலையில ஒரு வரி சேத்துப் போட்டாரு." எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். அவளைக் காப்பாற்றச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். முதலாளியின் முகம் கறுத்தது. டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மேடம் சிரித்தாள். "சாமி மேலயே இருக்கட்டும் மொதலாளி. நான் ஒரு வரி கீழ எறங்கிக்கிறேன்."

மேக்ரோவில் ஓர் எண்ணை மாற்றினாள், முடிந்தது. முதலாளி முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும். கேக்கும் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அரியாங்குப்பம் கிளைக்கு அவள் போனாள். "ஒனக்கு வாயி ஜாஸ்திய்யா" என்றார் முதலாளி என்னிடம்.

கம்ப்யூட்டரைப் பிறகு நானும் கற்றுக்கொண்டேன். அது பெரிய வித்தை இல்லை. ஆனால் அன்று அவள் சொன்ன மாதிரி ஒரு வார்த்தை என் வாயில் இன்றுவரை வந்ததில்லை. எனக்கு ஆற்றாமையே அதில்தான்.

சுழலும் நாற்காலி இப்போது எனக்கு. விசிறியும் என் பக்கம்தான். கம்ப்யூட்டர் எத்தனையோ மாறிவிட்டது, கோப்பு அதேதான். உச்சியில் அந்த 2 இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் அவள் போட்ட பச்சைப் பொத்தானைத்தான் அழுத்துகிறேன். அதன்பிறகு அது ஒருமுறைகூடத் தப்பாக அடித்ததில்லை. ஒரே ஒரு நாள் அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.