வலப்பக்கத்தால் தொடங்கிய புத்தகம்

என் மாமா எழுதிய நாவலின் முதற் பக்கம் எண்பத்தொன்று. அட்டையைத் திறந்து, முன்னுரையைத் தாண்டினால் எண்பத்தொன்றுதான் வரும். தொண்ணூற்றாறு வரை போய், அங்கிருந்து அறுபத்தைந்துக்குத் தாவும். பிறகு நாற்பத்தொன்பது. இப்படியே பின்னோக்கி இறங்கி இறங்கி, ஒன்றாம் பக்கம் தொடங்கும் அத்தியாயத்தோடு புத்தகம் முடிந்துபோகும்.

இப்போது என் புத்தகம் ஒன்று அச்சுக்குப் போகிறது. கொழும்பிலிருந்து ஒரு தம்பி தொலைபேசிக்குப் பக்கங்களை அனுப்பி, “ஓடர் சரியா எண்டு பாத்துச் சொல்லுங்க மெடம்” என்கிறான். பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒழுங்கைப் பார்த்தால் எனக்கு ஏனோ இருப்புக் கொள்வதில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து மாமாவின் புத்தகத்தை எடுக்கிறேன். எண்பத்தொன்று. மனது அமர்கிறது.

மாமா உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தார். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு, அதாவது எங்கள் மாமியின் வீட்டுக்குப் போனவர், கையோடு ஒரு கட்டுக் கடதாசியையும் கொண்டுபோனார் என்று உம்மா சொல்வார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த நாவலை எழுதிக்கொண்டே இருந்தார். கலியாண அழைப்பிதழின் முதுகில் எழுதுவார். சவர்க்கார உறையைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதுவார். வயலுக்கு அறுவடை பார்க்கப் போனால் வெட்டுக்காரரை மறந்துவிட்டு வரம்பில் குந்திக்கொள்வார்.

அவருடைய எழுத்தை அவராலேயே வாசிக்க முடியாது. மாமிதான் வாசிப்பார். அடுப்பில் சோறு கொதிக்கும்போது ஒரு காலை மடித்துக் குந்தி, மாமியின் கை அதைச் சுத்தப் பிரதியாக எழுதிப்போகும். நிமிர்ந்து நடக்கிற எழுத்து. நாங்கள் சுற்றி விளையாடிக்கொண்டிருப்போம். இடையிடையே மாமியின் குரல் கூடத்துக்குப் போகும்.

“இந்த பஸ் ஸ்டாண்ட் புள்ளைக்கு எத்தின சாரி? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கலர் எழுதியிரிக்கீங்க.”

“அது கற்பனை.”

“ஓம், ஓம். ஒங்கட கற்பனைக்கு நல்ல ஞாபகசக்தி.”

கதை இதுதான். அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் ஓர் இளம் ஆசிரியர் ஒரு பெண்ணைக் காண்கிறார். முதல் அத்தியாயத்தின் முடிவில் அவள் பொத்துவில் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறாள். இவர் புழுதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு நாலு அத்தியாயங்களுக்குப் பார்வையும் குடையும் கடிதமும். ஆறாம் அத்தியாயத்தில் குடும்பத்தார் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தன் மாமி மகளைக் கலியாணம் முடிக்கிறார். கலியாண வீட்டில் எல்லோரும் சிரிக்க, மாப்பிள்ளை மட்டும் உள்ளுக்குள் அழுகிறார். ‘அத்தோடு அவன் கதை முடிந்தது’ என்பது கடைசி வரி. மாமாவும் அவருடைய மாமி மகளைத்தான் முடித்திருந்தார், அவர்தான் எங்கள் மாமி என்பது எனக்குத் தெரியும். ஆனால் கதை கதைதானே என்று இருந்தேன்.

ஆறாம் அத்தியாயத்தை எழுதும்போது மாமி பேனையை நிறுத்தினார்.

“இதில பொம்புள ஒரு வரியிலதான் வாறா.”

“எந்தப் பொம்புள?”

“கலியாணப் பொம்புள. ‘மணமகள் ஒரு மூலையில் இருந்தாள்.’ அவ்வளவுதான்.”

“கதை அவவப் பத்தி இல்லையே” என்றார் மாமா, சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு.

மாமி பேனையைத் திரும்ப எடுத்தார். அந்த வரியையும் நிமிர்ந்து நடக்கிற எழுத்தில் எழுதினார். சோற்றை வடிக்க எழுந்து போனார்.

கல்முனையில் ஒரு சின்ன அச்சகம் ஏற்றுக்கொண்டது. அவர்களிடம் இருந்த ஈய எழுத்து பதினாறு பக்கத்துக்குத்தான் போதும். அதை அடித்து முடித்து, எழுத்தைப் பிரித்துக் கொட்டி, அடுத்த பதினாறைக் கோர்க்க வேண்டும். அதனால் ஒவ்வோர் அத்தியாயத்தையும் பதினாறு பக்கத்துக்குள் அடக்கித் தரும்படி அச்சகக்காரர் மாமாவைக் கேட்டுக்கொண்டார். அத்தியாயம் நீண்டால் மாமா ஒரு பெருமூச்சை வெட்டினார். இடம் மிஞ்சினால் மழையைப் பெய்வித்தார். அந்த நாவலில் அத்தனை மழை வந்த காரணம் அதுதான். ஊரில் அந்த வருசம் வயல் காய்ந்து கிடந்தது.

வெளியீட்டு விழாவுக்குப் பள்ளிக்கூட மண்டபம் கேட்டாயிற்று. நோட்டீஸும் ஒட்டியாயிற்று. அரிசி ஆலை முதலாளி முதற் பிரதி வாங்க ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து அச்சகத்தில் தாள் மடிக்கிறவர் காய்ச்சலில் விழுந்தார். தைத்து அட்டை ஒட்டித் தருகிறோம், மடித்து அடுக்குகிறதை வீட்டில் செய்து தாருங்கள் என்று அச்சகக்காரர் தாள்களை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மாமாவின் முகம் செத்துப்போனது. புத்தகம் இல்லாமல் புத்தக வெளியீடு செய்தவர் என்று ஊர் அவரை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிக்கும். அது எங்களுக்கும் விளங்கியது.

மாமி முக்காட்டை இறுக்கிக்கொண்டு எழும்பினார். “குர்ஆன் ஓதப் போற புள்ளைகள் எல்லாத்தையும் கூப்பிடுங்க.”

லுஹர் தொழுகை முடிந்து நாங்கள் ஒரு படையாக வந்து சேர்ந்தோம். நான், எனக்கு மூத்தவளான ராத்தா, மச்சிமார், அயல்வீட்டுப் பிள்ளைகள். கூடத்தில் பன்பாய் விரித்து, கரண்டிக் காம்பால் நீவி நீவித் தாள் மடித்தோம். கடற்காற்று ஜன்னலால் வந்து தாளைக் கிளப்பியது. மடித்ததை மாமி சுவரோரமாக ஆறு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாரம் ஏற்றினார்: அம்மிக்குழவி, வெற்றிலை வட்டா, மாமாவின் இஸ்திரிப்பெட்டி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம். இடப்பக்கம் முதல் அத்தியாயம், வலப்பக்கம் ஆறாவது. நாங்கள் வரிசையாகப் போய் ஒவ்வோர் அடுக்கிலும் ஒன்றை எடுத்து, ஒன்றுக்கு அடியில் ஒன்றாகச் சேர்த்து, மாமியின் கையில் கொடுக்க வேண்டும்.

“பிஸ்மி சொல்லி, வலப்பக்கத்தால தொடங்குங்க” என்றார் மாமி.

வேறு எந்தப் பக்கத்தால் தொடங்குவது? செருப்புப் போடுவதும் வலது காலில். பள்ளிவாசலுக்குள் நுழைவதும் வலது காலில். குர்ஆனைத் திறப்பது வலப்பக்கத்தால். எங்களில் யாருக்கும் ஒரு கேள்வியும் வரவில்லை. வலப்பக்கம் போய் எடுத்து எடுத்து நடந்தோம். சுவரோரம் எங்கள் ஊர்வலம். இடையில் பிளேன்டியும் தொதலும். தொதல் தின்ற விரலோடு தாளைத் தொட்டதற்கு ராத்தாவுக்கு ஒரு குட்டு. மாமி ஒவ்வொரு சேர்மானத்தையும் வாங்கி, ஓரத்தைத் தரையில் தட்டி நேராக்கி, ஒருமுறை விரித்துப் பார்த்து அடுக்கினார். பாதித் தாள்தான் முடிந்தது. விழாவுக்கு அது போதும் என்று அச்சகத்துக்குப் போனது. மீதி கட்டிலுக்கு அடியில் போனது.

விழாவன்று காலைதான் புத்தகம் வந்தது. மாமா அட்டையைத் தடவினார். மோந்தார். நெஞ்சோடு அணைத்தார். உள்ளே திறக்கவில்லை. தான் எழுதியது தனக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. கட்டை அவிழ்த்து ஒரு பிரதியை எடுத்து, விழாவில் நயவுரை சொல்லவிருந்த மருதமுனைப் பள்ளிக்கூட அதிபருக்குச் சைக்கிளில் கொடுத்தனுப்பினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கம் திரை. குர்ஆன் கிறாஅத் ஓதியாயிற்று. ஆலை முதலாளி முதற் பிரதியை வாங்கிப் படத்துக்கு நின்றார். அதிபர் எழுந்து ஒலிவாங்கியைத் தட்டினார்.

“சபையோர்களே, கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் கலியாணத்தில் முடிப்பார்கள். நம்முடைய ஆசிரியர் கலியாணத்தில் தொடங்குகிறார்!”

மாமா நிமிர்ந்தார்.

“முதல் அத்தியாயத்திலேயே ‘அத்தோடு அவன் கதை முடிந்தது’ என்று எழுதுகிறார். என்ன துணிச்சல்! கையில் இன்னும் எண்பது பக்கம் இருக்கிறது.”

மாமாவின் கை மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தது. திரையின் ஓட்டையால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதற் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கடைசியைப் பார்த்தார். பிறகு மண்டபத்துக் கூரையைப் பார்த்தார்.

அதிபர் நிறுத்துவதாக இல்லை. “அந்தக் கலியாண வீட்டில் ஒரு வரி. ‘மணமகள் ஒரு மூலையில் இருந்தாள்.’ ஒரேயொரு வரி! அவள் யார்? அவளுடைய மனதில் என்ன? பஸ்ஸும் மழையும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் நான் அந்த மூலையில் இருந்த பெண்ணைத் தேடிக்கொண்டே கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன். கடைசியில் மற்றவள் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அப்போதுதான் விளங்கியது, இது மூலையில் இருந்தவளின் நாவல்.”

கைதட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் மாமி ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடைத்தார். அந்தப் பிள்ளை அழத் தொடங்கும் வரைக்கும் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய கூத்து. உம்மா தலையில் கை வைத்தார். “காக்கா, இந்தக் கிதாபுக் கூட்டத்த நம்பி வேல குடுத்தா இப்புடித்தான். ஓதுற மாதிரியே அடுக்கி வச்சிருக்குதுகள்!” எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொஞ்ச காலம் எங்களுக்குக் கிதாபுக் கூட்டம் என்றே பெயர். மாமியும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அடுத்த நாள் சாய்மனைக் கதிரையில் கிடந்து, ஊரில் முதன்முதலாக ஒரு நாவலை வாசிக்கிறவர் போல, எண்பத்தொன்றிலிருந்து தொடங்கி முழுக்க வாசித்தார். இடையில் ஒருமுறை புத்தகத்தை வயிற்றில் கவிழ்த்து வைத்துவிட்டு, மாமி முற்றம் கூட்டுவதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மாமி கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினார்.

அச்சகக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். “சேர், தையலப் பிரிச்சுத் தாறன். மீதியையாவது சரியா அடுக்குவம்.”

“பொறுங்க” என்றார் மாமா.

நான் இன்று அன்றைய மாமியை விட மூத்தவள். என் புத்தகங்களை நானே அடுக்குகிறேன், கலைக்கிறேன், திரும்ப அடுக்குகிறேன். எந்தப் பக்கத்தில் தொடங்குகிறோம் என்பதுதான் பாதி எழுத்து என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த நாவலை ஒரு வரி விடாமல் தன் கையால் எழுதியவர், அடுக்குகளைத் தானே வைத்தவர், ஒவ்வொரு சேர்மானத்தையும் விரித்துப் பார்த்தவர் மாமி. வலப்பக்கத்தால தொடங்குங்க என்று சொன்னதும் மாமிதான். இவ்வளவும் கண் முன்னால் நடந்தும், குற்றம் எங்கள் ஓதலின் மேல் விழுந்தபோது அது சரிதான் என்று நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்த ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலுக்கு அடியிலிருந்து மீதித் தாள்களைத் தானே இழுத்தார். பன்பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்து எங்களோடு மடித்தார். கோணல் கோணலாக மடித்தார். மாமி வாங்கித் திருத்தினார். மறுபடியும் சுவரோரம் ஆறு அடுக்கு, அம்மிக்குழவி, வெற்றிலை வட்டா, இஸ்திரிப்பெட்டி. மாமா எழும்பி, நேரே வலப்பக்கம் போய்க் குனிந்தார்.

நாங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. “மாமா, அந்தப் பக்கம் இல்ல! இடப்பக்கத்தால!” என்று கத்தினேன்.

“இல்ல மகள்” என்றார் மாமா. “மாமி சொன்ன பக்கத்தாலதான்.”

மாமி தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த தாள்களை ஓரம் பார்த்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.

மாமா ஆறு மடிப்பையும் சேர்த்துக் கொண்டுவந்து மாமியின் முன்னால் குந்தினார். “இப்புடி அடுக்கினா, கடைசியில பஸ் போகுது” என்றார் மெதுவாக.

“போகட்டுமே” என்றார் மாமி. “எவ்வளவு நேரந்தான் நிக்கிற?”

மாமா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மாமியும் முக்காட்டின் ஓரத்தை வாயில் கடித்துக்கொண்டு குலுங்கினார். என்ன பஸ் என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. எழும்பி ஓடிப்போய் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். சந்து போன்ற எங்கள் ஒழுங்கையில் வெயிலும் ஓர் ஆடும்தான் நின்றன. அந்த ஒழுங்கைக்குள் என்றைக்குமே பஸ் வந்ததில்லை.