பத்தோடு முடியும் பள்ளி

காலை எட்டே முக்காலுக்கு மத்திகிரி நிறுத்தத்தில் டவுன் பஸ் ஏறினோம், நானும் என் தம்பி மகள் சகானாவும். அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் எட்டாவது வரை படித்தவள். தாயும் மகளும் முதலில் வந்துவிட்டார்கள். தம்பி வர இன்னும் ஒரு மாதம். அதற்குள் அவளை ஒன்பதாவதில் சேர்க்கும் பொறுப்பு என் தலையில். நானோ ஒன்பதாவதோடு நின்று வெல்டிங் பட்டறைக்குப் போனவன். சான்றிதழ்கள் பையில் இருக்கின்றனவா என்று ஏறும்போதும் தொட்டுப் பார்த்தேன், உட்கார்ந்தும் தொட்டுப் பார்த்தேன்.

“பாப்பாவுக்கு ஃப்ரீங்க. உங்களுக்கு மட்டும் பத்து ரூபா,” என்றார் கண்டக்டர்.

“அங்க ஸ்கூல் பஸ்ஸே ஃப்ரீ பெரியப்பா. மஞ்சள் பஸ், தெரு முனைக்கு வரும். நாம எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?”

“கிருஷ்ணகிரி டிஸ்ட்ரிக்ட்தான் கண்ணு. கலெக்டர் ஆபீஸ் அங்கதான் இருக்குது.”

சிரித்துவிட்டாள். அங்கே சில ஊர்களின் பள்ளிகளைச் சேர்த்து ஒரு டிஸ்ட்ரிக்ட் என்பார்களாம். எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ, அதற்குரிய பள்ளி. வாடகை வீடு மாறும்போதெல்லாம் இவளுக்குப் பள்ளியும் மாறியது. ஹைஸ்கூல் போய்விட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஒரே இடம் என்று காத்திருந்தாள். அப்போது பார்த்து ஊர் திரும்பும் பேச்சு வந்தது.

“இனிமே மாறவே கூடாது பெரியப்பா. ஒரே ஸ்கூல்தான்.”

‘பப்ளிக் ஸ்கூல்ல சேர்த்துடுண்ணா’ என்று தம்பி சொல்லியிருந்தான். அதனால் கிருஷ்ணகிரி சாலையில் அப்படிப் பலகை வைத்திருந்த பெரிய கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். ஃபீஸ் கவுண்டரைப் பார்த்ததும் சகானா நின்றுவிட்டாள்.

“இது பப்ளிக் இல்லயே. பப்ளிக்னா ஃபீஸ் கிடையாது.”

தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே நள்ளிரவு. கொட்டாவியோடு சிரித்தான். “அண்ணா, இங்க கவர்மெண்ட் ஸ்கூலுக்குத்தான் அந்தப் பேரு. நீ படிச்சியே, அது மாதிரி.”

அந்த ஒரு சொல் போதும் எனக்கு. பதினொரு மணிக்கு நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளியில் நின்றோம். அதே நீள வராந்தா. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ் வகுப்பு, அந்தப் பக்கம் தெலுங்கு வகுப்பு. அந்த நாளில் கபடி ஆடும்போது மட்டும் எல்லார் வாயிலும் கன்னட வசவு. ஜன்னலுக்கு வெளியே கேழ்வரகு விளைந்த இடத்தில் இப்போது கம்பெனி வேன்கள். நான் உட்கார்ந்த மூலையில் இவள் உட்காரட்டும் என்று மனது அடித்துக்கொண்டது.

“தாராளமா சேர்த்துக்கறேங்க. இங்கிலீஷ் மீடியமும் இருக்குது,” என்றார் தலைமையாசிரியை.

“பன்னெண்டு வரைக்கும் இங்கயேதானே மேம்?”

“இல்லம்மா, இது ஹைஸ்கூல். பத்தோட முடிஞ்சிரும். அப்புறம் ஹையர் செகண்டரிக்குப் போகணும்.”

சகானா வராந்தாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்குப் பிடிச்சிருந்தா சேர்றேன் பெரியப்பா,” என்றாள்.

பிடித்திருந்தது. ஆனாலும் சான்றிதழ் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். “இல்ல மேடம், பன்னெண்டு இருக்கற எடம் சொல்லுங்க,” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை, ஓசூரில் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு அவரே போன் செய்தார்.

இரண்டு மணிக்கெல்லாம் அங்கே சேர்க்கை முடிந்தது. கிளம்பலாம் என்றேன். சகானா கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். அறைகளின் எண்களைப் படித்தபடியே வராந்தாவில் நடந்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று. யாராவது அதட்டுவார்களோ என்று பயந்தபடி நானும் பின்னால் போனேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி நான் நடந்தது அதுவே முதல் முறை.