விளக்கு வயரில் ஓடிய மிஷின்

தெருவுக்கு அவள் லாண்டரிக்காரம்மா. தம்பிக்கு மட்டும் அக்கா.

அம்மா இறந்தபோது தம்பி பள்ளிக்கூடப் பையன். ஊரார் துணியைத் துவைத்துத்தான் அவனை வயர்மேன் வேலைக்குப் படிக்கவைத்தாள். கல்யாணப் பேச்செடுத்தவர்களிடம், "முதல்ல இவன் நிக்கட்டும்" என்றாள். அவன் நின்றான். அவளுடைய கல்யாண வயதுதான் நிற்காமல் போய்விட்டது. அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "என் தம்பி கை வச்சா கரண்ட்டே கைகட்டி நிக்கும்" என்று வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வாள்.

ஒரு லாட்ஜின் படுக்கை விரிப்புகள் மொத்தமாக அவளிடம் வர ஆரம்பித்தன. வெந்நீர் வைத்துத் துவைக்கும் பெரிய மிஷின் ஒன்றை வாங்கினாள். அது வீட்டுக்குள் நுழையவில்லை. பின்பக்கம், தகரக் கூரைக்கு அடியில் வைத்தார்கள். அங்கே பிளக் கிடையாது. சுவரில் எரியாத பழைய பல்பு ஒன்று மட்டும் இருந்தது.

தம்பி வந்து பார்த்தான். "இந்த விளக்கு வயர் மிஷினுக்குத் தாங்காதுக்கா. தடி வயர் வேணும், எர்த்தோட." எந்த வயர் என்று அவனே சொன்னான். அவள் கடைக்குப் போய்ச் சுருளாக வாங்கிவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, துணி கொடுக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பல்பு இருந்த இடத்தில் புது பிளக் பளபளத்தது.

"சுவரை உடைக்கவே இல்லையேடா!"

"சுவருக்குள்ள இருக்கிற பழைய பைப்புலயே புது வயரை இழுத்துட்டேன்க்கா."

அன்று அவள் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மகிழ்ந்தாள்.

மிஷின் ஓடத் தொடங்கியதும் பிரேக்கர் அடிக்கடி விழுந்து கரண்ட் நின்றது. தம்பி வந்து பெரிய பிரேக்கராக மாட்டினான். அப்புறம் விழவில்லை. போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "மிஷின் கிட்ட போனா செருப்பு போட்டுக்கோக்கா. ஈரத்துல நிக்காதே." எவ்வளவு அக்கறை என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

துணி மடிக்க ஒருத்தி வருவாள். மடிப்புக்காரி என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடும் பழக்கம் அவளுக்கு. ஒரு மத்தியானம், ஓடி முடித்த மிஷினின் கதவைத் திறக்கக் கை வைத்தவள் அலறிக்கொண்டு பின்னால் தூக்கியெறியப்பட்டுத் துவைக்கிற கல்லில் விழுந்தாள். லாண்டரிக்காரம்மா ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். உயிருக்கு ஆபத்தில்லை. மணிக்கட்டு முறிந்திருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. அதனால் கடைத்தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் பிளக்கைக் கழற்றி, உள்ளிருந்து கருகி உருகிய மெல்லிய கம்பிகளை வெளியே இழுத்தார்.

"இது பல்புக்குப் போட்ட பழைய வயரும்மா. சூடாகி உருகியிருக்கு. எர்த்தும் இல்லை. மிஷின்ல கசியிற கரண்ட், தொடுறவங்க உடம்பு வழியாத்தான் போகும். பெரிய பிரேக்கர் வேற, வயர் உருகினாலும் விழாது... யாரு போட்டது இதை?"

தம்பி என்று சொல்ல நாக்கு எழவில்லை. "தெரிஞ்சவங்க" என்றாள்.

அந்தக் கருகிய துண்டைப் பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திறந்தாள். "வாங்கண்ணி, வெயில்ல வந்திருக்கீங்க. ஏசி ரூம்ல உக்காருங்க. நீங்க குடுத்த வயர்லதான் இதுக்கு லைன் இழுத்தார். மிச்சம் இருக்கு, எடுத்துக்கோன்னு சொன்னீங்களாமே!"

பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. லாண்டரிக்காரம்மா அந்தக் குளிரில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தம்பி வந்தான். அவள் துண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"மடிப்புக்காரி கை உடைஞ்சு கெடக்கா. செத்திருப்பா."

"உனக்குத்தான் செருப்பு போடச் சொன்னேனேக்கா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டான். அதுவரை, அவசரத்தில் செய்திருப்பான், மறந்திருப்பான் என்று வழி நெடுக அவனுக்காக அவளே வாதாடிக்கொண்டு வந்திருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இற்று விழுந்தது.

"அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே."

"குழந்தை புழுக்கத்துல தூங்க மாட்டேங்குது. அடுத்த மாசமே மாத்திடலாம்னு..."

"வயரைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா. பிளக் போட முடியாதுன்னு சொல்லியிருந்தா கையால தொவச்சிருப்பேன்."

அவன் அழுதான். இப்போதே வந்து மாற்றித் தருகிறேன் என்றான். "வேண்டாம். ஆள் சொல்லிட்டேன்" என்று எழுந்தாள். தம்பி மனைவி நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். அந்தப் பெண்ணோடு அவளுக்கு என்ன பகை?

கடைத்தெரு எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டிப் புது லைன் இழுத்தார். மடிப்புக்காரியின் கை கூடும்வரை அவள் வீட்டுச் சமையலையும் லாண்டரிக்காரம்மாவே பார்த்தாள். யார் செய்த வேலை அது என்று அவளிடம் ஒளிக்காமல் சொன்னாள். மடிப்புக்காரி, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்றாள்.

அக்கா தம்பி பேச்சு நின்றுவிடவில்லை. அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவான். இவளும் கொஞ்சுவாள். திரும்பும்போது வாசலில் தயங்கி, "வீட்ல ஏதாவது வேலை இருக்காக்கா?" என்று கேட்பான்.

அறையில் ஃபேன் ஓடாமல் கிடந்த நாளிலும் அவள், "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்றுதான் சொன்னாள்.