நோன்பு வாயோடு கடித்த மொச்சை

மொட்டைமாடியில் பந்தல் போட்டு மொச்சை வளர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. போன வருடம் அந்தப் பெருமையை வண்டு தின்றுவிட்டது. சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரர் மசூது ஆடிச் சாரலில் லீவுக்கு வந்தபோது, நம் வீட்டு மொச்சை என்று டிரம்மைத் திறந்து காட்டினேன். உள்ளே பாதி மாவு, மீதி ஓட்டை. சரியாகக் காயுமுன்னே மூடி வைத்தது நான்தான். அந்த மனிதர் மூடியை எடுத்துத் திரும்ப மூடினார். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இந்த வருடம் அவருக்கு நல்ல மொச்சையில் குழம்பு வைத்தே தீருவது என்று நிய்யத் வைத்தேன். நெற்று உரித்து, சாக்கில் பரப்பி வெயிலில் போட்டது ரமலானில். பயறு காய்ந்ததா என்று பல்லில் கடித்துத்தான் பார்ப்பேன். வேறு வழி எனக்குத் தெரியாது. நோன்பு வாயோடு எப்படிக் கடிக்க? பக்கத்து வீட்டு முத்துசெல்வியைக் கூப்பிட்டேன்.

சாக்கின் ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்துக் கடித்தாள். "கல்லு மாதிரி இருக்குக்கா. நோம்பு நீங்க புடிக்கிதிய, பல்லு எனக்குல்லா வலிக்குது."

அவளை நம்பி டிரம்மில் அள்ளிப் போட உட்கார்ந்தேன். பழக்கதோஷம், நடுவில் கிடந்த ஒன்று கையோடு வாய்க்குப் போய்விட்டது. பல் பதிந்தது, மெத்தென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் நோன்பு ஞாபகம் வந்தது.

ஓடிப்போய்த் துப்பி வாய் கொப்பளித்தேன். மகள் ஆஷிகா பார்த்துக்கொண்டே நின்றாள். முந்தின நாள்தான், கஞ்சிக்கு உப்புப் பார்க்க நாக்கு நுனியில் வைத்தவளை உட்காரவைத்து உபதேசம் செய்திருந்தேன்.

"மறந்து கடிச்சா நோம்பு முறியாதும்மா," என்றாள். "உப்பு பாத்தவளுக்குத்தான் ஒரு மணி நேரம் பயான்."

"சும்மா கெட ஏட்டி. இங்கன வந்து சாக்க விரி."

மன்னிப்புக் கேட்டு அஸ்தஃபிருல்லாஹ் சொன்னேன், கூடவே நன்றிக்கு அல்ஹம்துலில்லாஹ்வும் சொன்னேன். மறக்காமல் இருந்திருந்தால் இந்த வருடமும் ஈர மொச்சையைத்தான் மூடியிருப்பேன். இன்னும் ஐந்து நாள் கிளறிக் கிளறிக் காயவைத்து, நோன்பு திறந்த பிறகு நடுவிலிருந்து எடுத்து நானே கடித்துப் பார்த்து, வேப்பிலைச் சருகு போட்டு மூடியை இறுக்கினேன்.

ஆடியில் அவர் வந்தார். டிரம்மைத் திறக்குமுன் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். ஒரு வண்டு இல்லை. ஊறவைத்து, கருவாடு போட்டுக் குழம்பு வைத்தேன். அவர் ஒரு மொச்சையை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டையே இல்லியே ஜாஹிரா. கடையில வாங்குனியோ?"

ஆஷிகாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.