முப்பத்துநாலாம் பக்கத்தில் ஒரு ‘திரு’

அச்சகத்தில் எல்லாருக்கும் அவள் புள்ளியக்கா. எத்தனை அவசரத்தில் அடித்த பக்கமானாலும், ஒரு மெய்யெழுத்தின் புள்ளி விட்டுப்போயிருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. பில் புத்தகம், வினாத்தாள், அழைப்பிதழ் என்று பதினோரு வருடமாக ஊரார் எழுத்தையெல்லாம் திருத்தியவளுக்கு, அந்தத் திங்கட்கிழமை தன் எழுத்தையே யாரோ திருத்தி அனுப்பியிருந்ததைக் கண்டதும் சுருக்கென்றது.

வந்திருந்தது பிரார்த்தனைக் கூடத்தின் பாட்டுப் புத்தகம். முப்பத்துநாலாம் பக்கத்தில் அவளுடைய பாட்டு. ஐந்து வருடத்துக்கு முன், புருஷன் வீட்டைவிட்டு அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்த புதிதில் எழுதியது. பாத்திரம் விளக்கும்போது அவள் முணுமுணுத்ததை அண்ணி பிடித்துக்கொண்டாள். கூடத்தில் போய்ப் பாடினாள். பிறகு கூடமே பாடியது.

உன் அடி பட்ட இடமெல்லாம் பூத்தது,
நீலமாய்ப் பூத்து மஞ்சளாய் உதிர்ந்தது,
தாழைத் திற, நான் வெளியே போகணும்.

இறைவனின் பாதம் பட்ட இடம் மலர்கிறது, தாழ் என்பது உலகப் பற்று, வெளியே என்பது வீடுபேறு என்று அங்கே விளக்கம் சொன்னார்கள். கேட்பவருக்கு ஆறுதலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ‘அடி’ ‘திருவடி’யாகியிருந்தது. எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஓர் அடியாள்’ என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்த அச்சக முதலாளி, கத்தி கபடா எல்லாம் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ‘திரு’வை விடுவதாக இல்லை.

மதியம் மெய்ப்புப் பார்க்கப் பாட்டு வாத்தியார் வந்தார். கூடத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர். யாரையும் கடிந்து பேசாதவர். திரு சேர்ந்தால் தாளம் இடிக்கிறது என்றாள். தாளத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மொட்டையாக அடி என்றால் மரியாதையாக இல்லையாம். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். ஒரு மாதமாக அவள் புருஷன் கூடத்துக்கு வருகிறானாம். இந்தப் பாட்டில் கண் கலங்குகிறானாம். இவ்வளவு சரணாகதியாக எழுதியவள் திரும்பி வராமலா போவாள் என்று கேட்டானாம். அவள் அண்ணனும் அதையேதான் சொல்கிறானாம்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். ஆறுதல், ஆறுதல் என்று விட்டது எங்கே வந்து நிற்கிறது பார் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“சார், அது கால் இல்ல. கை.”

வாத்தியாருக்கு விளங்கவில்லை.

“அவரு கை. அடிச்ச அடி. மொதல்ல நீலமா கன்னிப்போகும், ஆறும்போது மஞ்சளாகும். வீடுபேறெல்லாம் இல்ல சார். வெளிய தாழ் போட்டுட்டுப் போயிடுவாரு, அதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாளை எடுத்து முதல் வரியிலிருந்து மெல்லப் படித்தார். மூன்றாவது வரி முடிந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார். ஐந்து வருடமாக வாரம் தவறாமல் இதற்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவர்.

“மன்னிச்சிரும்மா. பாட்ட எடுத்துருவோம்.”

“எடுக்க வேணாம். உள்ளதை உள்ளபடி போடுங்க. அடியாளைத் தூக்கிட்டு என் பேரைப் போடுங்க.”

“அவன் முன்வரிசைல உக்கார்றானேம்மா. இனிமே இத எப்படிப் பாடுறது?”

“மெட்டு அதேதான் சார்.”

வாத்தியார் சட்டைப்பையில் பேனாவைத் தேடி எடுத்து, ‘திரு’வின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அவள் திரையில் ‘திருவ’ என்ற மூன்றெழுத்தை அழித்து, ‘அ’ போட்டாள். கீழே தன் பெயரை அடித்தாள். அப்பா வைத்த பெயர் மட்டும், பின்னால் யார் பெயரும் ஒட்டாமல். பிறகு முப்பத்தைந்தாம் பக்கத்தைத் திறந்தாள்.