ஏனென்று அன்றே சொல்லியிருக்கலாம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் அக்காவின் தம்பி எழுதுவது. அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். பொறுமைசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஓராண்டாகியும் ஆறாத ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத வருகிறது.

அக்கா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். லாரி ஓட்டப் போன அப்பா விபத்தில் இடுப்பொடிந்து படுத்தபோது அக்கா அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார். கல்லூரி ஆசையை விட்டுவிட்டு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். பிறகு அத்தானைக் கைப்பிடித்து ராஜபாளையத்திலேயே குடியமர்ந்தார், இரண்டு பெண்பிள்ளைகள். ஸ்பின்னிங் பிரிவில் தொழிலாளியாகச் சேர்ந்தவர், அதே பிரிவுக்கு சூப்பர்வைசரானார்.

அக்காவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் ஜெயராணி. எங்கள் தெருவில் இருந்த வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவார். அக்காவுக்கு மூத்த பெண் பிறந்தபோது அம்மாவுக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றவர் அவர்.

ஒருநாள் மேனேஜர் அக்காவை அழைத்து, ஜெயராணியையும் இன்னும் சில பழைய ஆட்களையும் மறுநாளிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றச் சொன்னார்.

"என்ன காரணம் சார்? கேப்பாங்களே."

"மேல எடுத்த முடிவும்மா. சொன்னதச் செய்யணும், அம்புட்டுதான்."

அக்கா போய் அப்படியே சொன்னார். வேறென்ன சொல்ல முடியும்? பேக்கிங் என்றால் கைவேகம் குறைந்தவர்களை ஒதுக்கும் இடம் என்பது மில்லில் உள்ள பேச்சு. அடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார் ஒருவர். ஆள்குறைப்பு என்றார் இன்னொருவர். சாயங்காலத்துக்குள், சூப்பர்வைசர்தான் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊர்ஜிதமாகிவிட்டது. நிர்வாகம் காரணம் சொல்லாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் உண்டாக்கிக்கொள்வார்கள். அது நல்ல காரணமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஜெயராணி மில் வாசலிலேயே மறித்துக் கேட்டார்.

"எங்கையி ஓடலன்னு நீங்கதான மதினி சொன்னீக?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி."

"சூப்பர்வைசருக்குத் தெரியாமலா மாத்துவாக?"

அன்றோடு அவர் வேலையை விட்டார். வேறொரு மில்லில், அதே ஸ்பின்னிங் பிரிவில் சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் பேக்கிங்குக்குப் போனார்கள். அக்காவோடு பேசுவதை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் வெகுகாலம் அக்கா மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டார்.

சில வருடங்கள் கழித்து, மில்லுக்கு வழக்கமாக வரும் டாக்டர் பேச்சுவாக்கில் அக்காவிடம், "அன்னைக்கு உங்க செக்‌ஷன்ல இருந்து மாத்துனவங்களுக்குக் காது மோசமாகாம நின்னிருக்கு, நல்லவேளை" என்றிருக்கிறார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டர் விளக்கினார். காதுப் பரிசோதனையில் அந்தச் சிலருக்குக் கேட்கும் திறன் குறையத் தொடங்கியிருந்ததாம். மெஷின் சத்தத்திலிருந்து அவர்களை விலக்கும்படி அவர்தான் நிர்வாகத்துக்குச் சொல்லியிருக்கிறார். நிர்வாகமும் மாற்றிவிட்டது.

எவ்வளவு நல்ல முடிவு! அவர்கள் நன்மைக்கென்றே எடுத்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து என்னையும் கூட்டிக்கொண்டு ஜெயராணி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று கூப்பிட்டார். உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தோம். மகள் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். அவருக்குக் கேட்கவில்லை.

அக்கா அருகே போய் உரக்க, திரும்பத் திரும்பச் சொன்னார். புரிந்ததும் ஜெயராணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத அன்னைக்கே சொல்லிருந்தா, பேக்கிங் என்ன, கூட்டிப் பெருக்கச் சொன்னாக்கூடப் போயிருப்பனே மதினி."

அக்கா வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "சொன்னா பயந்துருவாங்க, நஷ்டஈடு அது இதுன்னு கெளம்பும்னுதாம்மா சொல்லல" என்றாராம் அவர்.

"பயந்துட்டு இங்கயே இருந்திருப்பா சார். இப்பக் கோவிச்சுட்டுப் போயிக் காதத் தொலச்சுட்டு நிக்கா."

அங்கிருந்து நேரே பேக்கிங்குக்குப் போய் மாற்றப்பட்டவர்களிடமும் காரணத்தைச் சொன்ன பிறகுதான் அவர்கள் அக்காவோடு மறுபடி பேசினார்கள்.

அதன்பிறகு எந்த உத்தரவையும் காரணம் தெரியாமல் தன் பிரிவுக்குக் கொண்டுபோக அக்கா மறுத்தார். ஷிப்ட் மாறினாலும் லீவு ரத்தானாலும் பெண்களைக் கூட்டி விளக்குவார். அவர்கள் கேட்டதற்குத் தன்னிடம் விளக்கம் இல்லாவிட்டால், "எனக்கும் தெரியல, செத்த நேரம் இருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று ஆபீசுக்கு நடப்பார். ஒரு தீபாவளிக்கு முன் லீவு கிடையாது என்றபோது, சொன்ன தேதிக்குள் நூல் போய்ச் சேராவிட்டால் வந்திருந்த ஆர்டரே கைவிட்டுப் போகும் என்று எடுத்துச் சொன்னார். திட்டிக்கொண்டேதான் வந்தார்கள், ஆனால் வந்தார்கள். காதுப் பரிசோதனை முடிவை டாக்டரே அவரவரிடம் சொல்லும் வழக்கமும், ஜெயராணிக்குப் பேக்கிங்கில் மறுபடி கிடைத்த வேலையும், அக்கா விடாமல் கேட்டு வாங்கியவை.

இவ்வளவுக்கும் பிறகு, சூப்பர்வைசருக்கு மேலே உள்ள பிரிவுத் தலைமைப் பதவி காலியானபோது அக்காவிடம் வேலை பழகிய ஒருவரை அதில் போட்டார்கள். ஏன் என்று அக்கா கேட்டார். பதிலில்லை. எழுதிக் கொடுத்தும் கேட்டார். அதற்கும் இல்லை.

"தெறம பத்தலன்னு சொன்னாக்கூட ஏத்துக்கிடுவேன் தம்பி. ஒண்ணுமே சொல்லாம ஆள நிறுத்தி வைக்கதுதான் வலிக்கி" என்றார்.

புற்றுநோய் முற்றிய நிலையில், மேற்கொண்டு வைத்தியம் வேண்டாம் என்று அக்காவே முடிவெடுத்தார். பெண்பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரையும் கட்டிலில் உட்கார வைத்து, டாக்டர் சொன்னது என்ன, தன் உடம்பு எதைத் தாங்கும், மிஞ்சிய நாட்களை வீட்டில் கழிக்க ஏன் விரும்புகிறார் என்று ஒளிக்காமல் சொன்னார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அவர்கள் அழுதார்கள், ஆனால் அம்மாவை மனமொப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அந்த வீட்டில்தான் அக்காவின் மூச்சு அமைதியாக அடங்கியது.

துக்கத்துக்கு வந்த மில் அதிகாரி ஒருவர் என் கையைப் பிடித்து, "அவங்கள மேல கொண்டு வரணும்னுதான் நெனச்சோம். சில காரணங்கள்..." என்று இழுத்தார்.

"என்ன காரணம் சார்?"

"அதெல்லாம் இப்ப எதுக்குத் தம்பி."

அக்காவைக் கடைசிவரை கையில் வைத்துத் தாங்கிய அத்தானுக்கும், முறைவைத்து வந்து உடனிருந்த பேக்கிங் பிரிவுப் பெண்களுக்கும், கட்டிலடியிலேயே படுத்துக் கிடந்த ஜெயராணிக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மலர்வளையம் அனுப்பிய ஆலை நிர்வாகத்துக்கும் நன்றி. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தால் அதையும் அனுப்பி வையுங்கள். வாங்கிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.